மீட்டர் பக்கத்து எம்சிபிய எடுத்துடலாமா?

கேள்வி: ராமமூர்த்தி நகர்ல மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கோம் சார். மீட்டர் கீழ கேட் பக்கத்துல, அங்க எங்க வீட்டுக்குன்னு ஒரு 32 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல போனா தானா கட் ஆகுற சுவிட்ச்) இருக்கு. காலையில எல்லாம் சேர்ந்து ஓடுனா கொஞ்ச நேரத்துல அது ட்ரிப் ஆகுது, மூணு மாடி இறங்கி ஏறணும். எலெக்ட்ரீஷியன் 63 போடுறேங்கிறார், இல்லன்னா மேல வீட்டுக்குள்ள இருக்கற டிபியிலயே (சர்க்யூட் எல்லாம் பிரியற பெட்டி) மெயின் இருக்கே, கீழ இருக்கறத எடுத்துட்டு நேரா ஜாயின் பண்ணிடலாம்ங்கிறார். செய்யலாமா?
— வாசகி, பெங்களூரு

பதில்: ரெண்டுமே வேண்டாம்மா, தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க.

கீழருந்து மேல வர்ற வயர காப்பாத்தத்தான் அந்த எம்சிபி இருக்கு. பழைய வீடுகள்ல அந்த வயர் பெரும்பாலும் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், பைப்புக்குள்ள போனா 30 ஆம்ப் பக்கம்தான் தாங்கும், அதுக்கு 32ங்கிறதே விளிம்பு. 2000 வாட் கீசர் ஒண்ணு 9 ஆம்ப் கிட்ட இழுக்கும், ரெண்டு கீசர், இண்டக்‌ஷன், வாஷிங் மெஷின் ஹீட்டர், அயர்ன்னு கூட்டுனா 40 வந்துடுது, அதனால ட்ரிப் ஆகுறது சரிதான். 63 போட்டா என்ன ஆகும்னா, 70 ஆம்ப் போனாலும் அது விழாம நிக்கலாம், 91 ஆம்ப் போனாகூட விழறதுக்கு ஒரு மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கலாம், ஸ்டாண்டர்டே அப்படித்தான். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு, சாதா பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரிக்கு மேல தாங்காது, பைப்புக்குள்ள உருகுறது யார் கண்ணுக்கும் தெரியாது.

ரெண்டாவது யோசனை இன்னும் மோசம். மேல இருக்கற எம்சிபி தன் வழியா போற கரண்ட மட்டும்தான் பாக்கும். நடுவுல எலி கடிச்சோ, யாராவது சுவத்துல ட்ரில் போட்டோ ஷார்ட் ஆனா, கரண்ட் மேல வராம அங்கயே திரும்பிடும், மேல உள்ளதுக்கு ஒண்ணுமே தெரியாது. அப்புறம் மிச்சம் மொத்த பில்டிங்குக்கும் சேத்து போட்ட சர்வீஸ் ஃபியூஸ்தான், அதுலயும் பல இடத்துல தடிமனா கம்பி சுத்தி வெச்சிருக்காங்க, பாத்தாலே வயித்தெரிச்சல். ஓவர்லோடுக்கு மட்டும்னா எம்சிபி வயரோட கடைசியில இருந்தாகூட ஒத்துக்கலாம், ஷார்ட்டுக்கு வயர் ஆரம்பிக்கிற இடத்துல இருந்தே ஆகணும்.

இன்னொண்ணு, மேல இருக்கறது எம்சிபிதானான்னு பாருங்க. முகத்துல சி32 மாதிரி எழுத்தும் நம்பரும் இருந்தா எம்சிபி. 30 எம்ஏன்னு மட்டும் இருந்தா அது ஆர்சிசிபி, ஷாக்குக்குத்தான், ஓவர்லோடுக்கு விழாது. நிறைய டிபியில வெறும் ஐசோலேட்டர (கையால ஆன் ஆஃப் பண்றது மட்டும், தானா விழாது) மாட்டிட்டு மெயின்னு சொல்லிடறாங்க.

முதல்ல எம்சிபி ஸ்க்ரூ லூஸா இருக்கான்னு பாக்க சொல்லுங்க, லூஸ் கனெக்‌ஷன் சூட்டுலயே சீக்கிரம் ட்ரிப் ஆகும். சரியா இருந்தா, 10 ஸ்கொயர் வயர் புதுசா இழுத்து 40 எம்சிபி போடுறதுதான் வழி, வயர் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டுல கிடைக்கும், செலவு ஓனரோடது, கூச்சப்படாம கேளுங்க. பில்லுல சாங்ஷன் லோடு (உங்க வீட்டுக்கு அனுமதிச்ச அளவு) எத்தன கிலோவாட்னு பாத்துக்கோங்க, 40 ஆம்ப்னா 9 கிலோவாட்டுக்கு மேல, பத்தலன்னா கரண்ட் கம்பெனி பெஸ்காம்ல சொல்லி ஏத்தணும். மீட்டர் சீல தொட விடாதீங்க. அதுவரைக்கும் ஒரு கீசர் ஓடும்போது இன்னொண்ணு வேண்டாம்.

கேள்வி: எம்சிபி மேல கட்டத்துக்குள்ள 10000னு போட்டிருக்கே, அது என்ன?

பதில்: ஷார்ட் ஆகும்போது அத்தன ஆம்ப் வரைக்கும் வெடிக்காம கட் பண்ணும்னு அர்த்தம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருக்கற வீடுகள்ல ஷார்ட் கரண்ட் ரொம்ப அதிகம், அதனால மீட்டர் பக்கத்துல 6000 போட்டத விட 10000 போட்டதயே வாங்குங்க.