உங்கள் விசிஆரில் கோளாறு இல்லை

வணக்கம். ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்’ என்ற ஹாங்காங் குங்ஃபூ படத்தின் வீடியோ கேசட்டில் வாளி தூக்கும் காட்சியில் முழங்கை வரைதான் தெரிகிறது, வாயசைவும் ஒட்டவில்லை, விசிஆரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விசிஆரைக் கழற்றிவிடாதீர்கள்.

1978-ல் லாவ் கார்-லியுங் இயக்கிய அந்தப் படம் ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோவின் ‘ஷாஸ்கோப்’ அகலத்திரையில், 2.35:1 விகிதத்தில், அதாவது உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலத்தில் எடுக்கப்பட்டது. பழைய டிவி 4:3. அதை நிரப்பப் பக்கங்களை வெட்டினால் படத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். சண்டையில் அடிப்பவர் இருப்பார், வாங்குபவர் வெளியே நிற்பார். நீங்கள் சொன்ன காட்சியில் கதாநாயகன் கோர்டன் லியு இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வாளிகளோடு ஏறுகிறார். கை தாழ்ந்தால் புஜத்தில் கட்டிய கத்தி விலாவில் இறங்கும். அந்த அகலம்தான் அந்தக் காட்சியின் உயிர். அதை வெட்டிப் பார்க்க எனக்கு மனசே வராது.

வாயசைவு வேறு கதை. அந்தக்கால ஹாங்காங் படங்களில் குரலைப் பெரும்பாலும் பிறகுதான் சேர்த்தார்கள். ஷா பிரதர்ஸ் படங்கள் மேண்டரின் சீனத்தில் வந்தாலும், நடிகர்கள் பலர் படப்பிடிப்பில் ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் சீனம்தான் பேசினார்கள். ஆகவே மூல ஒலியிலும் கொஞ்சம் விலகும், ஆங்கில டப்பிங்கில் இன்னும் அதிகம்.

செலஸ்டியல் பிக்சர்ஸ் நிறுவனம் புதுப்பித்த பிரதியிலிருந்து வந்த டிவிடி அல்லது ப்ளூரே தேடுங்கள். அட்டையின் பின்பக்கம் 2.35:1 என்று இருக்கிறதா பாருங்கள். மேண்டரின் ஒலி, சப்டைட்டில் வைத்து, டிவியில் ஜூமை அணைத்துவிடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். முதலில் அந்த வாளிக் காட்சியைப் போட்டுப் பாருங்கள்.