மவுண்டன் சைக்கிள் ரயர்: மாரிக்கு எது, மணலுக்கு எது? (கேள்வி பதில்)

கேள்வி (கோப்பாய்): அண்ணை, மாரியில செம்மண் ஒழுங்கையால போகேக்க சேறு அப்பிச் சில்லே சுத்துதில்லை. இப்ப 2.4 ரயர். இன்னும் அகலமா எடுக்கவோ?

பதில்: வேண்டாம், ஒடுக்கமாக எடுங்கள். வலிகாமத்துச் செம்மண் நனைந்தால் களியாக ஒட்டும். ரயரின் பற்கள் நெருக்கமாக இருந்தால் இடையில் மண் அடைந்து, ரயர் வெறும் உருளையாகிவிடும். பிறகு ஒரு பல்லும் பிடிக்காது. 2.0 முதல் 2.2 அங்குலத்துக்குள், பற்கள் உயரமாகவும் நன்றாக இடைவெளி விட்டும் இருப்பதைப் பாருங்கள். சில்லு சுற்றச் சுற்ற மண் தெறித்துப் போகும். ஒடுங்கிய ரயர் மேற்சேற்றை வெட்டிக்கொண்டு கீழேயுள்ள இறுகிய தரையைத் தொடும். ரயருக்கும் போர்க்குக்கும் (சில்லைத் தாங்கும் கவைக்கும்) இடையில் இரண்டு பக்கமும் 6 மி.மீ. ஆவது இடம் இருக்கட்டும்.

காற்று: 65 கிலோ ஆளுக்கு, ரியூப் போட்ட 2.1 ரயரென்றால் முன்னுக்கு 26, பின்னுக்கு 29 பி.எஸ்.ஐ.யில் (காற்றழுத்த அளவு) தொடங்குங்கள். பெருவிரலால் அமத்திப் பார்த்து அடிக்காதீர்கள். அளவுமானி வாங்குங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): மணற்காட்டுப் பக்கம் ஓட எப்பிடியான ரயர்?

பதில்: மேலே சொன்னதற்கு நேர்மாறு. மணலுக்கு அடியில் பிடிக்க இறுகிய தரை கிடையாது, வெட்டினால் புதையும். 2.4க்கு மேல் அகலம், குட்டைப் பற்கள், குறைந்த காற்று. ரியூப்லெஸ் (ரியூப் இல்லாத ரயர்) என்றால் 15 – 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். ரியூப் இருந்தால் 22க்குக் கீழே போகாதீர்கள். எதுவானாலும் தார் றோட்டில் ஏறமுதல் திரும்பக் காற்றடியுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): அப்பான்ர 28 சைக்கிளுக்கு 29 ரயர் போகுமோ? ஒரு இஞ்சிதானே வித்தியாசம்.

பதில்: போகாது. 28×1½ ரயரின் உள்விட்டம் 635 மி.மீ., 29 ரயரினது 622. பெயரில் பெரியது, றிம்மில் 13 மி.மீ. சின்னது. 26இலும் இதே சிக்கல்தான்: 26×1.95க்கு 559, 26×1⅜க்கு 590. அங்குலத்தை நம்பாமல் ரயரின் பக்கத்தில் 50-559 என்பதுபோல் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். முதலாவது அகலம், இரண்டாவது உள்விட்டம். அந்த இரண்டாவது இலக்கம் பழைய ரயரோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும்.

கேள்வி (நல்லூர்): நல்ல ரயர் ஒண்டு சொல்லுங்கோ.

பதில்: எங்கே ஓடுகிறீர்கள், எத்தனை கிலோ, றிம் என்ன அளவு? மூன்றையும் எழுதுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): காத்து இறுக்கமா இருந்தா முள்ளு ஏறாது. நான் 50 அடிக்கிறன்.

பதில்: நெருஞ்சி முள்ளைக் காற்று தடுக்காது. ரயரின் தடிப்பும் உள்ளே இருக்கும் காப்புப் பட்டையும்தான் தடுக்கும். 50இல் ரயர் கல்லுக்கு வளைந்து கொடுக்காமல் துள்ளும், நனைந்த சுண்ணாம்புக்கல்லில் வழுக்கும்.

கேள்வி (மானிப்பாய், திரும்ப): காத்துக் குறைஞ்சா ரியூப் நசிஞ்சு ஓட்டையாகும்தானே? உங்கட கணக்குப்படி அதுவும் பஞ்சர்தான்.

பதில்: ஆகும். அதனால்தான் ரியூப்புக்கு 22 என்று எல்லை சொன்னேன். ஆனால் இரண்டும் வேறு வேறு ஓட்டை, மருந்தும் வேறு. ரியூப்பைக் கழற்றிப் பாருங்கள். பாம்பு கடித்ததுபோல் சோடியாக இருந்தால் றிம் நசித்தது, 3 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டையென்றால் முள். ரயரின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள், முள் இருந்தால் நூல் இழுபடும். அதை எடுக்காமல் ஒட்டுப் போட்டால் அதே இடத்தில் திரும்பவும் குத்தும். ரயரைப் பூட்டும்போது அதன் பெயர் எழுத்து வால்வுக்கு நேரே வரட்டும். ரியூப்பில் ஓட்டை கண்ட இடத்தை ரயரில் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி (காரைநகர்): ரியூப்லெஸ்ஸுக்கு அடைப்புப் பால் ஒருக்கா விட்டாக் காணுமோ?

பதில்: காணாது. ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் அந்தப் பாலை 29×2.3 ரயருக்கு 100 மி.லீ. விடுங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சில்லைக் காதருகே குலுக்குங்கள். சலசலப்பு இல்லையென்றால் இன்னும் 60 மி.லீ.

கேள்வி (உரும்பிராய்): முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு வேற ஒண்டு போடலாமோ?

பதில்: தாராளமாக. நல்லாய்ப் பிடிக்கும் மெதுரப்பர் முன்னுக்கு. முன்சில்லு வழுக்கினால் விழுவது நிச்சயம். தேயாத கடினரப்பர் பின்னுக்கு. பக்கத்திலுள்ள அம்புக்குறி சுற்றும் திசையைப் பார்க்கட்டும்.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, எத்தின பி.எஸ்.ஐ. அடிக்கிறது?

பதில்: கோப்பாய்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். அளவுமானியால் அளந்து அடியுங்கள்.