எஸ்ஜிபிடி கூடியிருக்கு டாக்டர், என்ன செய்யணும்?

மும்பை சயானில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கும் மருத்துவர், அக்கம்பக்கத்துத் தமிழர்களின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

செம்பூர், வயது 38: கம்பெனி செக்-அப்பில் எஸ்ஜிபிடி 92. நான் குடிக்கிறதே இல்லை. லிவர் போயிடுச்சா?

இல்லைங்க. எஸ்ஜிபிடி கல்லீரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய என்சைம். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். கசிவைத்தான் அந்த எண் சொல்கிறது. கல்லீரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய ஆல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), பிலிரூபின் (மஞ்சள் நிறமி), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் கணக்கு) பார்க்கணும். குடிக்காதவருக்கு இப்படி வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது கொழுப்புக் கல்லீரல். கை கால் ஒல்லியாக, தொப்பை மட்டும் உள்ளவருக்கும் வரும். சர்க்கரை, ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), ஹெபடைட்டிஸ் பி, சி, ஒரு சோனோகிராபி பாருங்கள். எடை கூடுதல் என்றால் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

தாராவி, ஓர் அம்மா: ஜிம்முக்குப் போற மகனுக்கு எஸ்ஜிஓடி 140, எஸ்ஜிபிடி 60. ரகசியமா குடிக்கிறானோ?

பிள்ளையை அதற்குள் சந்தேகப்படாதீங்கம்மா. எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடி மாதிரி ஓர் என்சைம். மதுவால் வரும் பாதிப்பிலும் அது எஸ்ஜிபிடியைவிட இரண்டு மடங்காக நிற்கும், உண்மைதான். ஆனால் எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கு. முந்தின நாள் கனமான எடை தூக்கியிருந்தாலே ஏறும். ஒரு வாரம் ஜிம்மை விட்டுவிட்டு, சிபிகே (தசை என்சைம்), ஜிஜிடி (மதுவால் ஏறும் கல்லீரல் என்சைம்) இரண்டோடும் திரும்பப் பார்க்கலாம். இன்னொன்று, குழாயில் தெளிந்து நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கணும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் இளஞ்சிவப்பாகிவிடும், எஸ்ஜிஓடி பொய்யாகக் கூடும். அப்படி வந்த ரத்தத்தை நான் திருப்பி எடுக்கச் சொல்லிவிடுவேன்.

முலுண்ட்: 13 வயசு மகளுக்கு ஏஎல்பி 310?

ஏஎல்பி கல்லீரலிலும் எலும்பிலும் இருக்கும் என்சைம். இந்த வயதில் வளரும் எலும்பிலிருந்து வருவது. மற்றதெல்லாம் நார்மல் என்றால் கவலை வேண்டாம்.

மாட்டுங்கா: அப்பாவுக்கு எஸ்ஜிபிடி 110. தினமும் சீந்தில் சூரணம் சாப்பிடறார், சித்தி ஊர்லேர்ந்து கீழாநெல்லியும் அனுப்பியிருக்காங்க.

இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். இங்கே குல்வேல் என்று விற்பதும் சீந்தில்தான். அதைச் சாப்பிட்ட பின் கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்களே எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று முடிவாகும்வரை உங்கள் அப்பா காத்திருக்க வேண்டாம். கீழாநெல்லியையும் சேர்த்துக் கொடுத்தால் எது ஏற்றியது, எது இறக்கியது என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் ஒரு பெரியவர் "மருந்தே சாப்பிடறதில்லை" என்றார். துணிப்பையைத் திறந்தால் மூன்று பொட்டலம் பொடி. மூலிகையை நாம் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

தாராவி: தம்பி டிபி மாத்திரை சாப்பிடறான். ரெண்டு நாளா வாந்தி, எஸ்ஜிபிடி 180.

அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருந்து கொடுத்த டாக்டரைப் பாருங்கள். நார்மல் 40 என்றால் இது நான்கு மடங்குக்கு மேல், கூடவே வாந்தி வேறு. மருந்தை நிறுத்திவைத்து, எண் இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். கண் மஞ்சளாகவோ பேச்சு குழறலாகவோ இருந்தால் ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.