குழல் தேய்ந்துவிட்டதாக யார் சொன்னது?

கேள்வி: நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். மான் வேட்டைக்காக .250 சாவேஜ் தோட்டா போடும் பழைய சாவேஜ் 99 ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் தாமே நிரப்பிக் கொடுத்த 117 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) குண்டு பொருத்திய தோட்டாக்களைச் சுட்டால், இலக்குத் தாளில் ஓட்டைகள் வட்டமாக விழாமல் நீளவாக்கில் கிழிகின்றன. குழல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் அவர். செம்புக் குண்டு போடு என்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: குழலை மாற்ற இப்போதைக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஓட்டை நீளவாக்கில் கிழிகிறது என்றால் குண்டு நேராகச் சுழன்று செல்லாமல் புரண்டுகொண்டு போகிறது என்று பொருள். உங்கள் ரைஃபிளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது குண்டின் நீளத்தைத்தான்; விட்டம் மாறாததால் எடை கூடக்கூடக் குண்டு நீளும்.

இந்தத் தோட்டா 1915-இல் வெளிவந்தபோது, நொடிக்கு 3,000 அடி வேகம் என்று விளம்பரம் செய்வதற்காகவே சாவேஜ் நிறுவனம் 87 கிரெய்ன் எடையுள்ள குட்டைக் குண்டைத் தேர்ந்தெடுத்தது. அதற்கேற்ப, 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கில், குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகளை வெட்டியது. நீளமான குண்டுக்கு அந்தச் சுழற்சி போதாது. உங்கள் குழலின் முறுக்கை நீங்களே அளந்துவிடலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கைப்பிடி தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி, குழல்வாய் வழியாக உள்ளே செலுத்துங்கள். கம்பியின் மேல்பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டு, அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்வரை கம்பி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்தால் போதும்.

அளவு 14 அங்குலத்தை ஒட்டி வந்தால், தட்டையான அடிப்பாகமும் ஈய முனையும் கொண்ட 100 கிரெய்ன் குண்டில் தொடங்குங்கள். நூறு கஜத்தில் ஓட்டைகள் வட்டமாக விழுந்தால் வெண்வால் மானுக்கு அதுவே போதும். இல்லாவிட்டால் 87 கிரெய்னுக்கு இறங்குங்கள். ஆனால் அந்த எடையில் விற்கும் குண்டுகள் பல, சிறு விலங்குகளுக்காக மெல்லிய உறையுடன் செய்யப்பட்டவை. அவை மானின் தோளெலும்பில் பட்டதும் சிதறி, விலங்கைக் காயத்தோடு ஓடவிடும். பெட்டியில் மான் வேட்டைக்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இந்தக் கடைக்காரரைப் போன்றவர்களிடம்தான் எனக்குக் கோபம். அரிய தோட்டா என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். என்ன வெடிமருந்து, எவ்வளவு, எந்தக் குண்டு என்ற சீட்டே இல்லாமல் தாம் நிரப்பியதைப் பையில் போட்டுத் தருவார்கள். அது சரிப்படவில்லை என்றால் பழியைக் குழலின் மேல் போட்டுப் புதுக் குழலுக்கும் பணம் கேட்பார்கள். சீட்டில்லாத தோட்டாவை இனிச் சுடாதீர்கள். 6.5 மில்லிமீட்டர் குண்டும் உங்கள் ரைஃபிளின் குண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்: அதன் விட்டம் 0.264 அங்குலம், உங்களுக்கு வேண்டியது 0.257.

நண்பர் சொன்ன செம்புக் குண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். 80 கிரெய்ன் செம்புக் குண்டுகூட உங்கள் குழலில் புரளக்கூடும். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு மாநில அளவில் ஈயக் குண்டுக்குத் தடை இல்லை, எனவே உங்களுக்கு அது தேவையில்லை. கலிபோர்னியாவில் வேட்டையாடப் போனால் கதை வேறு. ஈயம் கலந்த இரையைத் தின்று காண்டர் கழுகுகள் நஞ்சேறிச் சாவதால், 2019 ஜூலை முதல் அங்கே வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கட்டாயம். அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழைய குழல்களை வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று சட்டம் எழுதியவர்களும் யோசிக்கவில்லை, தோட்டாப் பெட்டியில் எடையை அச்சிடும் நிறுவனங்களும் எந்த முறுக்குக்கு அது பொருந்தும் என்ற ஒற்றை வரியைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அங்கே போவதானால் 10 அங்குல முறுக்குள்ள வேறொரு ரைஃபிளை எடுத்துச் செல்லுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கோடையில் சுட்டுப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; அதில் குண்டு புரளாமல் போக இன்னும் கூடுதல் சுழற்சி வேண்டும். ஆகஸ்டில் வட்டமாக விழுந்த ஓட்டை நவம்பரில் நீளலாம். வேட்டைக்கு முந்தைய வாரம், உறைபனி விழும் காலை ஒன்றில், அதே பெட்டித் தோட்டாக்களை மறுபடி சுட்டுப் பாருங்கள்.