போர்க்கதைகளில் எவ்வளவு உண்மை?

கேள்வி: ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர், தாம் பங்கேற்ற ஒரே சண்டையை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகச் சொல்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவு கட்ட வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் கவனம் எதிரே இருக்கும் ஓரிரு பொருள்களில் குவிந்துவிடுவதால், துப்பாக்கி முனை துல்லியமாக நினைவில் நிற்க, அதைப் பிடித்திருந்தவரின் முகம் மறந்துபோவது உண்டு. விடுபட்ட இடங்களைப் பிற்பாடு தோழர்களிடம் கேட்டவை நிரப்பிவிடுகின்றன, சொல்பவருக்கே அது தெரிவதில்லை. பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொல்வது வேறு ரகம், அது மோசடி.

கற்பனையே சாட்சியமாக மாறியதும் உண்டு. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மான்ஸ் நகரருகே ஜெர்மானியரோடு மோதிய பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. அடுத்த மாதமே, பழங்கால வில்லாளிகளின் ஆவிகள் வந்து அந்தப் படையைக் காத்ததாக எழுத்தாளர் ஆர்தர் மாக்கன் லண்டன் நாளிதழ் ஒன்றில் சிறுகதை எழுதினார். 1915-இல் வில்லாளிகள் தேவதூதர்களாகி, அவர்களைக் கண்ணால் கண்ட வீரர்களும் இருப்பதாகச் செய்தி பரவியது. எல்லாம் தம் கற்பனையே என்று அவரே சொல்லியும் பலர் ஏற்கவில்லை. (அவ்வளவு நம்பும்படி எழுதியது அவர் குற்றம்தான்!)

எனவே நாள், இடம், படை நகர்வு ஆகியவற்றைப் படைப்பிரிவின் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சமும் களைப்பும் பெரும்பாலும் அதில் பதிவாவதில்லை. அவற்றை அந்த வீரரிடமே கேளுங்கள்.