எது மேல் தாடை, எது கீழ் தாடை?

கேள்வி: கருவில் மேல் தாடையும் கீழ் தாடையும் ஒரே வளைவிலிருந்துதான் வளர்கின்றன என்று படித்தேன். அப்படியானால் எது மேல், எது கீழ் என்று அந்தச் செல்களுக்கு யார் சொல்வது?

பதில்: அக்கம்பக்கத்துத் திசுக்கள்தான். மனிதக் கருவில் நான்காவது வாரத்தில், மூளையாகப் போகும் குழாயின் விளிம்பிலிருந்து நரம்பு முகடு செல்கள் கிளம்பி, முதல் தொண்டை வளைவுக்கு, அதாவது கருவின் தொண்டைப் பகுதியில் புடைத்திருக்கும் திசு வளைவுகளில் நீங்கள் கேட்ட அந்த வளைவுக்கு, வந்து சேர்கின்றன. தாடை எலும்புகளைக் கட்டுவது இவைதான். வளைவின் கீழ்ப்பகுதியை மூடியிருக்கும் படலம் எண்டோதீலின்-1 என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. அதைப் பிடிக்கும் ஏற்பி மேலே உள்ள செல்களிலும் உண்டு, ஆனால் செய்தி வருவது கீழே மட்டும்தான். செய்தி கிடைத்த செல்களில் டிஎல்எக்ஸ்5, டிஎல்எக்ஸ்6 என்ற மரபணுக்கள் முடுக்கப்பட, அங்கே கீழ் தாடை உருவாகிறது. கிடைக்காதவை மேல் தாடை ஆகின்றன.

இந்தப் புரதத்தை 1988-இல் ஜப்பானில் கண்டுபிடித்தபோது, ரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் என்றுதான் அதற்குப் பெயர். 1994-இல் அதன் மரபணுவை நீக்கிப் பார்த்தால், எலிக்குட்டிகள் தாடை சிதைந்து, மூச்சு விட முடியாமல் பிறந்தவுடனே இறந்துபோயின. அதைவிட என்னை அசத்தியது 2002-இல் வந்த முடிவு. டிஎல்எக்ஸ்5, 6 இரண்டையும் நீக்கிய எலிக் கருவில் கீழ் தாடை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு மேல் தாடை, கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாக, மீசை மயிர் உட்பட! பிறகு 2008-இல் மேல் பகுதிக்கும் எண்டோதீலின் கிடைக்கும்படி செய்தபோது அங்கேயும் கீழ் தாடையின் எலும்புகள் முளைத்தன.

மனிதர்களில் இதே செய்திப் பாதையில் பழுது வந்தால் ஆரிகுலோகாண்டிலார் நோய்க்குறி என்ற அரிய நிலை ஏற்படும். கீழ் தாடை சிறுத்திருக்கும், காது மடல் கேள்விக்குறி போல வளைந்திருக்கும்.

கேள்வி: பறவையின் அலகு வடிவத்தையும் இந்தப் படலம்தான் முடிவு செய்கிறதா?

பதில்: இல்லை, அங்கே முகடு செல்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் காடைக் கருவின் முகடு செல்களை வாத்துக் கருவில் வைத்தார்கள், வாத்துக்குக் காடை அலகு வளர்ந்தது. மாற்றி வைத்தபோது காடைக்கு வாத்தின் அலகு. முட்டையோட்டை உடைக்கக் குஞ்சுக்கு அலகு நுனியில் ஒரு சின்னப் பல் இருக்குமே, அது முகடு செல்லால் ஆனதே இல்லை, மேல்தோல்தான். அதுகூட செல்களைக் கொடுத்த பறவையின் வடிவத்துக்கே மாறியது. அப்படியென்றால் தோலிடமிருந்து கேட்டுக்கொள்ளும் இந்தச் செல்கள், தோலுக்கும் திருப்பிச் சொல்கின்றன.