இதயத்தின் வடிவத்தை வைத்து, பக்கவாதம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் கோளாறு இருப்பவர்களுக்குத்தான் இது முக்கியமாகப் பொருந்தும்.

இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பை துருத்திக்கொண்டிருக்கும். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, ரத்தம் அதற்குள் தேங்கி உறையும். வால்வுக் கோளாறு இல்லாதவர்களின் இடது மேலறையில் காணப்படும் ரத்தக்கட்டிகளில் சுமார் 90 சதவீதம் இந்தப் பையில்தான் இருக்கின்றன. ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 932 பேரின் ஸ்கேன்களை வைத்துப் பையின் வடிவத்தை நான்காகப் பிரித்தது: கோழி இறக்கை, கள்ளி, காற்றுத் திசைகாட்டும் துணிக்குழாய், காலிஃபிளவர். (பெயர் வைத்தவர்களுக்குப் பசி போல!) நடுவில் மடிந்த கோழி இறக்கைக்காரர்களிடம் பக்கவாதம் குறைவாக இருந்தது.

ஆனால் ஒரே படத்தை ஒரு மருத்துவர் கள்ளி என்பார், இன்னொருவர் காலிஃபிளவர் என்பார். இந்தக் குழப்பத்துக்குத்தான் ஷேப் மாடலிங். ஒவ்வொருவர் பையின் முப்பரிமாணப் பரப்பிலும் ஒன்றுக்கொன்று ஒத்த இடங்களில் ஏராளமான புள்ளிகளை வைத்து, சராசரி வடிவத்திலிருந்து அது எங்கே, எவ்வளவு விலகுகிறது என்பதைக் கணினி எண்ணாகவே தந்துவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து தரலாமா என்பதை இப்போதைக்கு வயது, பிபி, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றுக்கான மதிப்பெண்ணை வைத்தே முடிவெடுக்கிறார்கள். பையின் வடிவத்துக்கு அதில் மார்க் கிடையாது. அதனால் 'எனக்குக் கோழி இறக்கைதான்' என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.